அம்பாந்தோட்டை: ஆளில்லாமல் கிடந்த துறைமுகத்துக்கு ஏன் இத்தனை போட்டி?

நெய்தல்நிலவன் (பதிவு 1)

இலங்கையின் தென்கரையில் இருக்கும் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. கட்டியவை சீன நிறுவனங்கள். கடன் கொடுத்தது சீன எக்சிம் வங்கி. திறந்த பிறகு சில ஆண்டுகளுக்கு அங்கே ஒரு கப்பல் வந்தால் அதுவே செய்தி என்ற நிலைதான் இருந்தது. கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த வாகனக் கப்பல்களை 2012இல் அரசே ஆணையிட்டு அங்கே திருப்பிவிட வேண்டியிருந்தது. பக்கத்தில் மத்தளையில் 2013இல் திறந்து வெறிச்சோடிக் கிடந்த பன்னாட்டு விமான நிலையத்தின் கதையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட துறைமுகத்தை 2017இல் சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அங்கே 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் ஆறு நாள் நின்றதற்கு டில்லி, பீஜிங், கொழும்பு ஆகிய மூன்று தலைநகரங்களும் இரண்டு வாரம் அறிக்கைப் போர் நடத்தின. வருமானம் கடன் தவணைக்கே போதாத ஓர் இடத்துக்கு ஏன் இவ்வளவு?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வணிகத் துறைமுக வேடமிட்ட கடற்படைத் தளம். இன்றில்லாவிட்டாலும் பத்தாண்டில் அப்படித்தான் ஆகும். கடனைக் கொடுத்து, கட்ட முடியாத நிலைக்குத் தள்ளி, இடத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தோணித்துறை (பதிவு 2)

நிலவன் அவர்களே, வேடம், தளம் என்பவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த இடம் கடலிலிருந்து பார்க்க எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். நான் வணிகக் கப்பல்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதிகாரியாக இருந்தவன். ஊர் தூத்துக்குடி.

சூயஸ் கால்வாயிலிருந்து மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல், ஏடன் வளைகுடாவைத் தாண்டி, மினிக்காய்க்குத் தெற்கே நுழைந்து, இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் போக வேண்டும். பாக் நீரிணை ஆழமற்றது. பெரிய கப்பலுக்கு அங்கே வழியே கிடையாது. நள்ளிரவு முதல் நான்கு மணி வரை, கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நிற்பது இரண்டாம் அதிகாரியின் முறை. அந்த முறையில் தேவேந்திரமுனையைக் கடந்த இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அதுவரை நாள் முழுவதும் ஒன்றிரண்டு கப்பல்தான் கண்ணில் பட்டிருக்கும். முனையை நெருங்க நெருங்க ரேடார் திரையில் புள்ளிகள் சேர்ந்துகொண்டே வரும். கிழக்கே போகிறவர்களுக்குத் தெற்கில் ஒரு தடம், மேற்கே வருகிறவர்களுக்குக் கரைப் பக்கமாக ஒரு தடம், நடுவே யாரும் புகக் கூடாத ஓர் இடைவெளி. நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாகப் போவதைப் போல, முன்னால் ஒரு வெள்ளை விளக்கு, பின்னால் ஒரு வெள்ளை விளக்கு, இடப்புறம் எதிரே வருகிறவர்களின் சிவப்பு விளக்குகள் என்று விடியும் வரை தொடரும். ஆண்டுக்கு 30,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்த வழியாகப் போகின்றன. அந்தத் தடத்திலிருந்து 10 கடல் மைல் அளவில்தான் அம்பாந்தோட்டையின் வாய் இருக்கிறது.

வரைபடத்தைப் பார்க்கும் யாருக்கும் இங்கே ஒரு துறைமுகம் கட்ட வேண்டும் என்று தோன்றும். கனடா, டென்மார்க் நாட்டு ஆலோசனை நிறுவனங்கள் 2003இலும் 2006இலும் இதற்குச் சாத்திய ஆய்வு செய்திருக்கின்றன. சீனக் கடன் வருவதற்கு முன்பே நடந்த ஆய்வுகள் அவை. ஆனால் மாலுமிக்குத் தெரிந்த ஓர் உண்மை உண்டு. கப்பல் சரக்கு இருக்கும் இடத்துக்குப் போகும். பாதைக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக ஒரு துறைமுகத்துக்குள் நுழையாது. அம்பாந்தோட்டைக்குப் பின்னால் தொழிற்சாலை இல்லை, பெருநகரம் இல்லை. 17 மீட்டர் ஆழம் மட்டும் இருந்தது.

கணக்கன் (பதிவு 3)

"கடனைக் கொடுத்து இடத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள்" என்ற வாக்கியத்தைத் தமிழில் எத்தனை கட்டுரைகளில் படித்துவிட்டேன் என்று எண்ணிக்கையே இல்லை. பணம் போன வழியைப் பார்த்தால் அது நிற்காது.

முதற்கட்டத்துக்கு எக்சிம் வங்கி 2007இல் கொடுத்த கடன் 30.7 கோடி டாலர். வட்டி 6.3 விழுக்காடு. மாறும் வட்டி, மாறா வட்டி என்ற இரண்டில் இலங்கை மாறா வட்டியைத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்து சந்தை வட்டி தரைமட்டத்துக்கு இறங்கியது. இதைச் சதி என்று சொல்வதைவிட, தப்பான நேரத்தில் எடுத்த முடிவு என்பதே சரி. இரண்டாம் கட்டக் கடனின் வட்டி 2 விழுக்காடுதான்.

இப்போது 2017க்கு வருவோம். குத்தகைக்காக வந்த 112 கோடி டாலர் எக்சிம் வங்கிக் கடனைத் தீர்க்கப் போகவே இல்லை. அந்தக் கடன் இலங்கை அரசின் பெயரில் அப்படியே தொடர்ந்தது. வந்த பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. கையிருப்பை ஏன் நிரப்ப வேண்டியிருந்தது? மேற்கத்திய சந்தைகளில் விற்ற பத்திரங்களுக்குத் தவணை கட்ட வேண்டியிருந்ததால். அன்றைய வெளிக்கடனில் சீனத்தின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. பத்திரக் கடன் அதைவிடப் பல மடங்கு பெரியது. வேறொருவரின் கடனைச் சமாளிக்கத் துறைமுகத்தைக் குத்தகைக்கு விட்டார்கள் என்பதே கணக்கு சொல்லும் செய்தி.

இதனால் சீனம் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதி வாங்கியது உண்மை. வாங்கிய விதம்தான் வேறு.

மட்டுநகரான் (பதிவு 4)

கணக்கன் எழுதியதை இலங்கையில் இருந்துகொண்டு உறுதிப்படுத்துகிறேன். திறைசேரியின் புத்தகத்தில் அந்தக் கடன் இன்றும் இருக்கிறது. துறைமுகம்தான் கையை விட்டுப் போனது. இங்கே சாதாரண மக்கள் கேட்கும் கேள்வியும் அதுதான்: மாட்டை விற்ற பிறகும் மாடு வாங்கிய கடன் ஏன் நிற்கிறது?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துறைமுகத்தைக் கட்டித்தரும்படி இந்தியாவிடமே முதலில் கேட்டதாக மகிந்த ராஜபக்ச பல தடவை சொல்லியிருக்கிறார். அம்பாந்தோட்டை அவருடைய சொந்த மாவட்டம். துறைமுகம், விமான நிலையம், கிரிக்கெட் மைதானம் எல்லாம் ஒரே மாவட்டத்தில் முளைத்ததற்கு அதைவிடப் பெரிய கேந்திரக் காரணம் தேடத் தேவையில்லை.

திகதிகளைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சங்கதி. சைனா மெர்ச்சன்ட்ஸ் ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் 2017 ஜூலை 29. சரியாக முப்பது வருடங்களுக்கு முன்னர், 1987 ஜூலை 29 அன்று, கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதனோடு இணைந்த கடிதங்களில், திருகோணமலையையோ இலங்கையின் வேறெந்தத் துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குக் குந்தகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்க மாட்டோம் என்ற உறுதிமொழி இருக்கிறது. நாளைத் தெரிந்து வைத்தார்களா, தற்செயலா என்பதை விட்டுவிடுவோம். முதலாவது காகிதம் இன்னும் செல்லுபடியாகும் என்று டில்லி நினைக்கிறது; இரண்டாவது காகிதம் 99 வருடத்துக்குச் செல்லும் என்று பீஜிங் நினைக்கிறது. கொழும்பு இரண்டையும் ஒரே அலுமாரியில் வைத்திருக்கிறது.

தேவேந்திரமுனை என்றதும் ஞாபகம் வந்ததால் பக்கக் குறிப்பு: சீனக் கடற்தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி புகழ்வது அதே முனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாரை. கடல்வழி யாருடைய கைக்குள் இருந்ததோ அவர்களுடைய மொழியில் எழுதிவிட்டுத்தான் அன்றைக்கும் போனார்கள்.

நெய்தல்நிலவன் (பதிவு 5)

கடன் பற்றிய என் வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கணக்கன் சொன்ன அளவுக்கு நான் பார்த்திருக்கவில்லை.

ஆனால் கடற்படைத் தளம் என்ற என் சந்தேகத்தை இதுவரை யாரும் தொடவில்லை. யுவான் வாங் 5 வணிகக் கப்பலா? செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் தொடர்ந்து கண்காணிக்கும் கப்பல் அது. மேல்தளத்தில் நிற்கும் பெரிய அலைவாங்கித் தட்டுகளைப் படத்தில் பார்த்தாலே தெரியும். வெறும் எரிபொருள் நிரப்ப அதற்கு அம்பாந்தோட்டைதான் கிடைத்ததா? கடலடியை ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டு நம் நீர்மூழ்கிகளை வேவு பார்க்கும் அந்தக் கப்பல்…

உவர்நீர் (பதிவு 6)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு வகைக் கப்பல்களைப் பலரும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். இது நான் படிக்கும் துறை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

யுவான் வாங் 5 வானத்தைப் பார்க்கும் கப்பல். கடலடி அதன் வேலை அன்று. இந்தியாவின் கவலை, ஒடிசாக் கரையிலிருந்து ஏவும் ஏவுகணைகளின் பாதையை அது பதிவு செய்துவிடும் என்பதும், தென்னிந்தியாவின் முக்கிய நிலையங்களின் மின்காந்த அலைகளைக் கேட்கும் என்பதும்தான். திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி அனுப்பும் நிலையம். கூடங்குளம் அங்கிருந்து வெகுதூரம் இல்லை.

2023 அக்டோபரில் கொழும்புக்கு வந்த ஷி யான் 6 வேறு வகை. அது கடலாய்வுக் கப்பல். அப்படிப்பட்ட கப்பல் என்ன செய்யும்? ஓரிடத்தில் நின்று, கம்பிவடத்தில் ஒரு கருவியைக் கட்டி மெல்ல மெல்ல ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் வரை இறக்கும். ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வெப்பம், உவர்ப்பு இரண்டையும் கருவி குறித்துக்கொண்டே போகும். மேலே இழுத்து, சில மைல் தள்ளிப் போய், மறுபடி இறக்கும். பார்ப்பவர்களுக்குக் கிணற்றில் வாளி விடுவது போல இருக்கும். இராணுவம் எங்கே வந்தது என்று தோன்றும்.

நீரில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை வெப்பமும் உவர்ப்பும் அழுத்தமும் முடிவு செய்கின்றன. மேற்பரப்பில் வெதுவெதுப்பான நீர் ஓர் அடுக்காக நிற்கும். அதற்குக் கீழே வெப்பம் சட்டென்று இறங்கும். அந்த எல்லையில் ஒலி வளைந்துவிடும். மேலே நிற்கும் போர்க்கப்பலின் சோனார் ஒலி, எல்லைக்குக் கீழே பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியைத் தொடாமல் திரும்பிப் போய்விடலாம். எல்லை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு ஒளிந்துகொள்ளவும் தெரியும், தேடவும் தெரியும்.

இலங்கையின் தெற்கே இந்தக் கணக்கு மிகவும் சிக்கலானது. அரபிக்கடல் நீர் உவர்ப்பு மிகுந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுவதால் வங்காள விரிகுடாவின் மேல்நீர் உவர்ப்புக் குறைந்தது. தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் கிழக்கே ஓடி உவர்நீரை விரிகுடாவுக்குள் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் திசை திரும்பி மேற்கே ஓடும். எனவே ஒரு முறை அளந்தால் போதாது. பருவத்துக்குப் பருவம், ஆண்டுக்கு ஆண்டு வந்தாக வேண்டும். வந்து போகப் பக்கத்தில் எண்ணெயும் குடிநீரும் காய்கறியும் தரும் துறைமுகம் வேண்டும். ஆறு நாள் நிற்க இடம் கிடைப்பதன் பொருள் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

அதே அளவீடுகள் மழையைக் கணிக்கவும் மீன்வளத்தை அறியவும் தேவைப்படுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பருவமழையைப் புரிந்துகொள்ள இந்தியக் கப்பல்களும் அமெரிக்கக் கப்பல்களும் இதே வேலையைச் செய்திருக்கின்றன. கருவி ஒன்றுதான், கொடியைப் பார்த்துத்தான் நாம் அதற்குப் பெயர் வைக்கிறோம்.

நெய்தல்நிலவன் (பதிவு 7)

நன்றி. கடலடி பற்றி நான் எழுதியது தவறு. இனி யுவான் வாங், ஷி யான் இரண்டையும் ஒன்றாக எழுத மாட்டேன்.

தோணித்துறை (பதிவு 8)

இப்போது தளம் பற்றி. கடற்படைத் தளம் என்றால் ஆழமான தண்ணீர் மட்டும் போதாது. வெடிமருந்துக் கிடங்கு வேண்டும், பழுது பார்க்க உலர்துறை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வானிலிருந்து காவல் வேண்டும். சீனத்துக்கு ஜிபூட்டியில் 2017 முதல் அப்படியொரு தளம் இருக்கிறது. அதை யாரும் மறைக்கவில்லை. அம்பாந்தோட்டையில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே இருக்கும் சீருடை இலங்கைக் கடற்படையினுடையது. தென்பிராந்தியக் கட்டளைத் தலைமையகத்தைக் காலியிலிருந்து அங்கே கொண்டுபோவதாக 2018இல் அறிவித்தார்கள்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய் 30 படையணி ஒன்று பிரமோஸ் ஏவுகணையோடு நிற்கிறது. போர் என்று வந்துவிட்டால், இந்தியக் கரைக்கு இவ்வளவு அருகில், சொந்த விமானம் எதுவும் எட்டாத தொலைவில், எந்தச் சீனத் தளபதியும் தன் கப்பலைக் கட்டிப்போட்டு நிற்க மாட்டான். என் வாதம் என்னவென்றால், இந்தத் துறைமுகத்தின் மதிப்பு முழுவதும் அமைதிக் காலத்து மதிப்பு. வந்து போவது, பழகுவது, எந்தப் பருவத்தில் எப்படி இருக்கிறது என்று அறிவது, இன்று ஆராய்ச்சிக் கப்பல் வந்தால் நாளை போர்க்கப்பல் வருவதை யாரும் விசித்திரமாகப் பார்க்காத நிலையை உண்டாக்குவது. இந்தியா தடுக்க முயல்வதும் அந்தப் பழக்கத்தைத்தான்.

கணக்கன் (பதிவு 9)

ஒரு தகவல் மட்டும். சீன நீர்மூழ்கி இலங்கைக்கு 2014இல் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நின்றது கொழும்பில், சைனா மெர்ச்சன்ட்ஸ் 85 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் தென்துறை முனையத்தில். அம்பாந்தோட்டை அப்போது திறந்துதான் இருந்தது. 2017 மே மாதத்தில் மீண்டும் அனுமதி கேட்டபோது கொழும்பு மறுத்துவிட்டது. மோடி அங்கே வந்திருந்த நேரம் அது.

மட்டுநகரான் (பதிவு 10)

கணக்கன் கொழும்பை இழுத்துவிட்டதால் அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அம்பாந்தோட்டையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் கொழும்பை மறந்துவிடுகிறார்கள் என்பது எனது நெடுநாள் ஆதங்கம்.

கொழும்புத் துறைமுகத்தில் நான் சில வருடம் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். அங்கே இறங்கும் கொள்கலன்களில் பெரும்பாலானவை இலங்கைக்குள் வருவதில்லை. பெரிய கப்பலிலிருந்து இறங்கும், முற்றத்தில் இரண்டு மூன்று நாள் அடுக்கியிருக்கும், சிறிய கப்பலில் ஏறி இந்தியாவுக்குப் போகும். தூத்துக்குடியிலிருந்து வருவது ஓரிரவுப் பயணம். காலையில் வந்து சேர்ந்த கொள்கலன் மாலையில் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலில் ஏறிவிடும். இப்படிக் கைமாறும் சரக்கில் ஏறத்தாழ 70 வீதம் இந்தியாவுடையது. தோணித்துறை ஐயா சொன்ன மாதிரி, சரக்கு இருக்கும் இடத்துக்குத்தான் கப்பல் வரும். கொழும்பில் இருக்கும் சரக்கு இந்தியாவின் சரக்கு.

இப்போது அந்தத் துறைமுகத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தென்துறை முனையம், 18 மீட்டர் ஆழத்தோடு, 2013 முதல் சீன நிறுவனத்தின் கையில். கிழக்கு முனையத்தை இந்தியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து நடத்த 2019இல் உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் 2021 பெப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக மேற்கு முனையம் அதானி குழுமத்துக்குப் போனது: அதானி 51 வீதம், இலங்கை நிறுவனமான ஜோன் கீல்ஸ் 34, துறைமுக அதிகாரசபை 15. அமெரிக்க அபிவிருத்தி நிதி நிறுவனம் அதற்கு 553 மில்லியன் டொலர் தருவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. 2024 டிசம்பரில் அதானி தரப்பே அந்தக் கடனிலிருந்து விலகிக்கொண்டது. 2025 ஏப்ரலில் முனையம் இயங்கத் தொடங்கியது. ஒரே அலைதடுப்புச் சுவருக்குள் சீன முனையமும் இந்திய முனையமும் நிற்கின்றன. போட்டி என்றால் இதுதான் போட்டி. அம்பாந்தோட்டையில் பீஜிங் இடம் வைத்திருக்கிறது. கொழும்பில்தான் தொழில் வைத்திருக்கிறது.

எங்களுக்கு உள்ள பயம் வேறு. இந்தியா தன் சரக்கைத் தானே கையாளத் தொடங்கினால் கொழும்பு என்ன செய்யும்?

குமரிக்காரன் (பதிவு 11)

அந்தப் பயத்துக்குப் பெயர் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம் என்பதால் கட்டுமானக் காலத்திலிருந்தே பார்த்து வருகிறேன்.

கரைக்கு அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கையான ஆழம். மணல் அடித்து வருவது குறைவு. தூர்வாரும் செலவு மிச்சம். பன்னாட்டுக் கப்பல் தடம் 10 கடல் மைல் தூரத்தில். அம்பாந்தோட்டைக்குச் சொல்லும் அதே இலக்கணம்தான், ஆனால் பின்னால் இந்தியா என்ற சரக்குக் கிடங்கு இருக்கிறது. முதல் பெரிய கப்பலான சான் ஃபெர்னாண்டோ 2024 ஜூலையில் வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் முறைப்படி தொடங்கி வைத்தார். அடுத்த மாதமே எம்.எஸ்.சி. இரினா வந்தது: ஏறத்தாழ 400 மீட்டர் நீளம், 24,346 இருபதடிப் பெட்டகம் ஏற்றும் கப்பல். கரையிலிருந்து பார்த்தபோது கப்பல் என்று தோன்றவில்லை. கடலில் ஒரு தெருவே வந்து நிற்பது போல இருந்தது.

அங்கே கரையரிப்பைச் சொல்லி மீனவர்கள் 2022இல் பல மாதம் போராடியதையும் சேர்த்து எழுதாவிட்டால் என் மனம் ஒப்பாது. கேந்திர முக்கியத்துவம் என்ற சொல் வந்தவுடன் கரையில் வாழ்கிறவனின் பேச்சு எடுபடாமல் போகிறது. அம்பாந்தோட்டையிலும் 2017 ஜனவரியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள்.

நெய்தல்நிலவன் (பதிவு 12)

அப்படியானால் திருகோணமலை எங்கே வருகிறது? இந்தப் பகுதியிலேயே சிறந்த இயற்கைத் துறைமுகம் அதுதான் என்று பள்ளிக்காலம் முதல் கேட்டு வருகிறோம்.

மட்டுநகரான் (பதிவு 13)

திருகோணமலை போர்க்காலத் துறைமுகம். அதனால்தான் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின. அன்றுதான் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் எங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. இன்றைக்கு அங்கே இருக்கும் பெறுமதி சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள். மொத்தம் 99. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஆயிலின் கிளையான லங்கா ஐஓசிக்கு. கூட்டு நிறுவனத்தில் 51 வீதம் இலங்கைக்கு, 49 வீதம் இந்தியத் தரப்புக்கு. 1987 கடிதத்தில் எழுதிய தாங்கிகளுக்கு முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் ஒரு வடிவம் வந்தது. டில்லியின் அவசரமும் நிதானமும் எப்படிப்பட்டவை என்று அதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்: மற்றவர் வராத வரைக்கும் அவசரமில்லை.

கணக்கன் (பதிவு 14)

அம்பாந்தோட்டை ஒப்பந்தத்தில் யாருமே பேசாத ஒரு பின்னக் கணக்கு இருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் உண்டாக்கப்பட்டன. ஒன்று துறைமுகத் தொழிலை நடத்துவது. அதில் சைனா மெர்ச்சன்ட்ஸுக்கு 85 விழுக்காடு. மற்றொன்று பொதுச் சேவைகளைக் கவனிப்பது; அதில் சீனப் பங்கு 49.3 விழுக்காடு மட்டுமே என்றும், எனவே பெரும்பான்மை இலங்கையிடமே என்றும் அப்போது விளக்கம் சொன்னார்கள்.

49.3 எப்படி வந்தது? இரண்டாவது நிறுவனத்தின் 58 விழுக்காடு பங்கை வைத்திருப்பது முதல் நிறுவனம். 58இல் 85 விழுக்காடு 49.3. பணக்கணக்கில் இலங்கைக்குப் பாதிக்கு மேல் என்பது சரிதான். ஆனால் 58 விழுக்காட்டுக்கு வாக்களிப்பது முதல் நிறுவனம். அந்த நிறுவனத்தில் 85 விழுக்காட்டுக்கு வாக்களிப்பது யார் என்று முன்னரே எழுதிவிட்டேன். இலாபத்தில் பங்கு வேறு, தீர்மானத்தில் பங்கு வேறு.

தோணித்துறை (பதிவு 15)

கணக்கன் பங்குகளில் நிறுத்திவிட்டார். வெளிநாட்டு அரசுக் கப்பல் வரலாமா என்பதைப் பங்குதாரர்கள் முடிவு செய்வதில்லை. தூதரக வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்கு விண்ணப்பம் போகும். பாதுகாப்பு அமைச்சகம் ஒப்ப வேண்டும். அதன் பிறகே துறைமுகம். அந்த ஒரு தாளைத்தான் இரண்டு நாடுகளும் துரத்துகின்றன.

2022இல் நடந்ததைத் தேதிவாரியாகப் பாருங்கள். போராட்டக்காரர்கள் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழைந்தது ஜூலை 9. யுவான் வாங் 5க்கு அனுமதி வழங்கப்பட்டது ஜூலை 12. கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனது ஜூலை 13. அரசே இல்லாத வாரத்தில் ஓர் அதிகாரி அந்தத் தாளை வெளியே அனுப்பியிருக்கிறார். பிறகு இந்தியா கேட்க, ஆகஸ்ட் தொடக்கத்தில் வருகையைத் தள்ளி வைக்கும்படி கொழும்பு எழுதியது. அதன் பிறகு சீனம் கேட்க, மறுபடி வரச் சொன்னது; கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் தானியங்கி அடையாளக் கருவியை அணைக்கக் கூடாது, இலங்கை நீரில் ஆய்வு செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டது. ஆகஸ்ட் 15 அன்று கட்டுநாயக்காவில் இந்தியா ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானத்தை இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. 16 காலையில் கப்பல் அம்பாந்தோட்டைக்குள் வந்தது. அதே ஆண்டு இந்தியா எண்ணெய்க்கும் உணவுக்கும் மருந்துக்குமாக ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியிருந்தது. சீனமோ, கடனைச் சீரமைக்க இணங்க வேண்டிய முக்கியமான தரப்பு. இரண்டு பேருக்கும் இல்லை என்று சொல்ல முடியாத ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்.

இதில் இலங்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு எந்த நாட்டு ஆராய்ச்சிக் கப்பலுக்கும் அனுமதியில்லை என்று கொழும்பு அறிவித்தது, அந்த மேசையில் இருந்தவர் கண்டுபிடித்த நல்ல வழி. ஒருவருக்கு மட்டும் மறுத்தால் பகை. எல்லாருக்கும் மறுத்தால் விதி. சீன ஆராய்ச்சிக் கப்பலான சியாங் யாங் ஹாங் 3 அந்த பிப்ரவரியில் மாலத்தீவுக்குப் போய்விட்டது. உவர்நீர் சொன்ன அளவெடுப்பு அங்கிருந்தும் நடக்கும் என்பது வேறு விஷயம்.

உவர்நீர் (பதிவு 16)

எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தடையால் நட்டமும் உண்டு. இலங்கையின் கடல் பற்றி இலங்கையரே அளவெடுக்கத் தேவையான பெரிய கப்பல் அவர்களிடம் இல்லை. வெளிநாட்டுக் கப்பலில் இடம் கிடைத்தால்தான் அங்குள்ள மாணவர் ஆழ்கடலுக்குப் போக முடியும்.

நெய்தல்நிலவன் (பதிவு 17)

முதல் பதிவில் "கடற்படைத் தளம்" என்று எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன். கீழே வந்த மறுப்புகள் அப்போதுதான் பொருந்தும். என் கருத்தில் மாறியது இதுதான்: சீனத்துக்கு அங்கே போர்க்கப்பலை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தலாமா வேண்டாமா என்று டில்லி ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையே அதற்குப் போதுமான வருமானம். மாறாத ஒரு சந்தேகமும் இருக்கிறது. 99 ஆண்டு என்பது 2116 வரை. இன்று தஞ்சாவூர் விமானம் எட்டும், சீன விமானம் எட்டாது என்ற தோணித்துறை ஐயாவின் கணக்கு அதுவரைக்கும் தாங்குமா?

2025 ஜனவரியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பீஜிங் போனபோது, சினோபெக் நிறுவனத்தின் 370 கோடி டாலர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அம்பாந்தோட்டையில் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை வந்துவிட்டால் "சரக்கில்லாத துறைமுகம்" என்ற நம் முழு வாதமும் மாறிவிடும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். மட்டுநகரான், கணக்கன் இருவரும் அங்கே வர வேண்டும்.

மட்டுநகரான் (பதிவு 18)

வருகிறேன். ஆலை எழும்பட்டும் பார்ப்போம். 2024இல் செங்கடல் வழி குழம்பிக் கொழும்பில் நெரிசல் வந்தபோது அம்பாந்தோட்டைக்குக் கொள்கலன் கப்பல்கள் திரும்பின. பதினான்கு வருடமாகச் செய்ய முடியாததை யேமன் சண்டை செய்துவிட்டது. புதிய இழையில் முதலில் அந்தக் கணக்கைப் போடுங்கள்.